எடைக்குப் போடும் முன்
(நமது சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

பார்க்கிங் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய சாமான்களை எடைக்குப் போட முடிவாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு கைப்பெட்டி இருக்கிறது. அதை மட்டும் தள்ளி வையுங்கள். உள்ளே இருப்பது 'பிஜூ' என்ற போர்ட்டபிள் தமிழ் டைப்ரைட்டர்.

லேப்டாப்புக்கு முன்னால் வெளியூருக்குத் தூக்கிப் போய்த் தமிழ் அடித்தது இது மாதிரிப் பெட்டிகளில்தான். மெஷின் ஜெர்மனியில் செய்தது. அதில் தமிழை அடக்கியவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா பக்கம் வேலைக்குப் போனவர்.

247 எழுத்துக்கும் சாவி வைக்க இடமேது? அவர் கண்ட வழி 'நகரா விசை'. புள்ளியைத் தட்டினால் காகிதம் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். 'அம்மா' அடிக்க அ, புள்ளி, ம, ம, கால். கையால் எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளி, இங்கே முதலில். இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர் படித்தபோது இது கைக்குப் படிய எனக்கு ஒரு மாதம் ஆனது. மாஸ்டரிடம் வாங்கிய திட்டு தனிக்கணக்கு!

ரிப்பன் தேடி மாட்டுவது என் பொறுப்பு. லைப்ரரி ரூமில் ஒரு மேஜை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். தூக்க இளைஞர்கள் யாராவது வாருங்கள். பெட்டி சின்னதுதான், உள்ளே இரும்பு.