அம்மா ரூமுக்கு என்ன கலர்?

இந்த வாரம் டெக் எதுவும் இல்ல, பெயின்ட்.

அம்மா ரூமுக்கு வெளிச்சமா, வார்மா ஒரு கலர் வேணும்னு லேப்டாப்ல பார்த்து ஒரு க்ரீம் ஷேடை நான்தான் ஓகே பண்ணேன். அடிச்சு முடிச்சா, ரூம் எலுமிச்சை சாதம் மாதிரி ஆயிடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள்லேர்ந்து பேப்பரை எடுத்துட்டு ஹாலுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் எனக்குக் குத்துச்சு.

எங்க தப்பு? ஸ்க்ரீன் தானே ஒளி விடுது. சுவர், மேல விழற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருது. அதுவும் நாலு சுவரும் ஒண்ணு மேல ஒண்ணு வெளிச்சம் அடிக்கும்போது மஞ்சள் இன்னும் தூக்கலாயிடும். ஷேட் கார்டுல சாதுவா இருக்கிற கலர் ரூம்ல ஆட்டம் போடுறது இதனாலதான். போதாக்குறைக்கு, ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவர். மேலே 6500 கெல்வின் ட்யூப்லைட். அந்த நீல வெள்ளையில மஞ்சள் க்ரீம் லேசா பச்சையாத் தெரியும்.

இந்தத் தடவை மூணு சாம்பிள் டப்பா வாங்கி, சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, காய்ஞ்சதும் சுவர்ல ஒட்டினேன். பழைய மஞ்சள் ஒட்டி இருந்தா கண்ணை ஏமாத்தும்னு சுத்தி வெள்ளை ஓரம் விட்டேன். காலை, மதியம், ராத்திரின்னு ரெண்டு நாள் பார்த்தோம். எல்ஆர்வின்னு ஒரு எண் இருக்கு: கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. வெளிச்சம் கம்மியான ரூம்னா நான் 70க்கு மேலதான் தேடுவேன். ட்யூப்லைட்டையும் 4000க்கு மாத்தியாச்சு.

எனக்குப் பிடிச்சது முதல் ஷேட். அம்மா மூணாவதைக் காட்டி, "இது அப்பாவோட பட்டு வேட்டி கலர்டா"ன்னாங்க. லேசா சிவப்பு கலந்த சந்தன வெள்ளை. ரெண்டாவது தடவை கூலி என் கணக்கு. சனிக்கிழமை பெயின்டர் வர்றார்.