எழுத்துக்கு முகம் இல்லை

 



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் மௌத்தானார். ஜனாஸா அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த சில நிமிடங்களில் அவருடைய உற்ற தோழர் ஒருவர் பதில் அனுப்பினார். அதில் ஒரு சொல்லும் இல்லை. கண்ணோரம் நீர் தெறிக்கும் மஞ்சள் முகங்கள் ஐந்து மட்டுமே இருந்தன. அழுதுகொண்டே அவர் அனுப்பியவை அவை. ஆனால் அது அழும் முகமன்று. விழுந்து விழுந்து சிரிப்பதால் கண்ணீர் வரும் முகம். மய்யித்தின் பேரப்பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். கபருஸ்தானில் மண் அள்ளிப் போட்டுவிட்டு அந்த முதியவர் தேம்பி நின்றதைக் கண்ட பின்னரே அவர்களின் கோபம் தணிந்தது.

எழுத்தில் முகம் தெரிவதில்லை என்பதற்காகவே இந்த முகங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர், முக்காற்புள்ளியையும் கோட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்துச் சிரிக்கும் குறி ஒன்றையும் வாடும் குறி ஒன்றையும் முன்மொழிந்தார். கணினி வழியே எழுதப்பட்ட வேடிக்கைகளைச் சிலர் மெய்யென்று நம்பிவிட்டதே அதற்குக் காரணம். 1999இல் ஜப்பானிய நிறுவனமான டோகோமோவுக்காக ஷிகெடகா குரிடா 176 சிறு படங்களை வரைந்தார். இன்று அவை 3,000க்கும் மேல் பெருகிவிட்டன. பெருகியும் என்ன? நம் முதியவருக்கு அவற்றில் ஒன்று சரியாக வாய்க்கவில்லையே!

2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாம் கேலியாக எழுதுகிறோமா, மெய்யாக எழுதுகிறோமா என்பது மின்னஞ்சலைப் படிப்பவருக்கு எளிதில் விளங்கிவிடும் என்றே எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களோ பாதிக்குச் சற்று மேல்தான் சரியாகக் கண்டுகொண்டார்கள். அது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலானதன்று. நாம் எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. படிப்பவர் காதில் அது விழுவதில்லை.

அருமைச் சகோதரர்களே! இனி நான் சொல்லப்போவது உரியவர்களின் அனுமதியுடன், அடையாளங்களை மாற்றிச் சொல்வது.

ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் ஒருவர் தம் மகளின் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். கை நடுங்கியது. "ஹஜ்ரத், இது தலாக்கா இல்லையா? பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மருமகன் வளைகுடாவில் வேலை செய்கிறார். மகள் காய்ச்சல் கண்ட குழந்தையோடு தாய்வீடு வந்திருக்கிறாள். "இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டுமா?" என்று அவள் எழுதியிருக்கிறாள். அவர் எழுதிய பதில்: "உன் உம்மா வீட்டிலேயே இருந்துகொள்." அவள் "சரி" என்று எழுதினாள். அதன்பின் நான்கு நாட்கள் இருபுறமும் ஓர் எழுத்தும் இல்லை.

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் இந்த வாசகத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். மனைவியைப் பார்த்து உன் வீட்டாரிடம் போய்விடு என்று சொல்வது, 'கினாயா' எனப்படும் இருபொருள் சொற்களுக்கு நம் இமாம்கள் காட்டும் உதாரணங்களுள் ஒன்று. அதைச் சொன்னவரின் எண்ணம் என்ன என்று கேட்டறியாமல் தலாக் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் எழுத்து என்பதே கினாயாவின் இடத்தில்தான் வைக்கப்படுகிறது. எழுதியவரின் உள்ளத்தை எழுத்து மட்டும் காட்டிவிடாது என்பதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்கள், பாருங்கள்!

இவ்விடத்தில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியதற்காக மதீனாவில் அவர்களோடு யாரும் பேசாதிருந்த நாட்கள் அவை. நாற்பது நாட்கள் கழிந்த நிலையில், மனைவியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று நபியவர்களிடமிருந்து தூதர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். வேறொருவராயிருந்தால் அந்த வேதனையில் என்னவெல்லாம் எண்ணியிருப்பார்! கஅப் (ரலி) அவர்களோ, தலாக் விட வேண்டுமா அல்லது வேறென்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார்கள். தலாக் இல்லை, நெருங்காமல் இருந்தால் போதும் என்று விடை வந்தது. அதன் பிறகே, அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை உன் வீட்டாரிடம் இரு என்று மனைவியிடம் சொன்னார்கள் (புகாரி). நம் மருமகன் எழுதியதும் ஏறத்தாழ அதே வாசகந்தான். ஆனால் கஅப் (ரலி) அவர்கள் ஏன் என்பதையும் எதுவரை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இவர் இரண்டையும் சொல்லவில்லை.

அன்றிரவே அந்த இளைஞரை அழைத்துப் பேசினேன். தலாக் என்ற சொல்லைக் கேட்டதும் பதறிவிட்டார். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். ஊரில் முழங்கால் வலியோடு தாயார் தனியே இருக்கிறார்களாம். வேலை போய்விடுமோ என்று இரவெல்லாம் உறக்கம் இல்லையாம். "அப்படியானால் உங்களுக்கு மனைவி மீது கோபமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கோபம் இல்லை ஹஜ்ரத். பயம்" என்றார்.

பயம் என்ற அந்த மூன்றெழுத்துச் சொல்லை அவர் எழுதியிருந்தால் நான்கு நாட்கள் ஒரு குடும்பம் உண்ணாமல் உறங்காமல் இருந்திருக்காது. நம் ஆண்கள் பெரும்பாலோர் பயத்தையும் கோபமாகவே எழுதுகிறோம். ஏக்கத்தையும், சலிப்பையும், மனத்தாங்கலையும், வெட்கத்தையும்கூடக் கோபமாகவே எழுதுகிறோம். தமிழில் இத்தனை சொற்கள் இருந்தும் கைப்பேசியை எடுத்தால் ஒன்றுதான் விரலுக்கு வருகிறது. இறைமறை அவ்வாறு செய்வதில்லை. தம் சமூகத்தார் காளைக் கன்றை வணங்கியதை அறிந்து திரும்பிய மூஸா (அலை) அவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் கோபத்தோடு வந்தார்கள் என்பதோடு அல்லாஹ் நிறுத்தவில்லை. துக்கத்தோடும் வந்தார்கள் என்கிறான் (7:150). கோபத்தின் அடியில் துக்கம் இருந்தது. அதற்குத் தனியே பெயர் சூட்டப்படுகிறது.

அந்தப் பெண்ணின் "சரி" என்பதையும் விட்டுவிட முடியாது. அவள் கணவருக்கு எழுதிய பழைய செய்திகளை அவளுடைய அத்தாவே காட்டினார். எல்லாவற்றிலும் "சரிங்க" என்றே இருந்தது. அன்று மட்டும் 'ங்க' இல்லை. அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டதே அவளுடைய முறையீடு. கணவர் அதைக் கவனிக்கவேயில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், நீ என்னிடம் மகிழ்ந்திருக்கும் வேளையும் கோபித்திருக்கும் வேளையும் எனக்குத் தெரியும் என்றார்கள். எவ்வாறு அறிகிறீர்கள் என்று அன்னையார் கேட்டார்கள். மகிழ்ச்சியில் முஹம்மதின் இறைவன் மீது ஆணையாக என்று சத்தியம் செய்வாய். கோபத்தில் இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையாக என்பாய் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அன்னையார் அதை ஒப்புக்கொண்டு, உங்கள் பெயரை மட்டுமே விட்டுவிடுகிறேன் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு பெயர் மாறியதை வைத்து மனைவியின் மனத்தை அறிந்த கணவர் அவர்கள்! அத்தகைய கூர்மை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே தாய்மார்களே, 'ங்க'வை விட்டுவிட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். "எனக்கு இது வருத்தமாக இருக்கிறது" என்று எழுதிவிடுங்கள்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். எழுதத் தெரியாத மாமி ஒருவருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது, "இந்த இடத்தில் ஏசுவது மாதிரி இருக்கிறது, மாற்று" என்பார். கடிதம் போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். தவறாக ஒரு வரி போய்விட்டால் இருபது நாள் துன்பம் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கமும் இருந்தது. 2013 முதல் வாட்ஸ்அப்பில் குரலையே பதிந்து அனுப்பலாம். காசும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அந்த வசதியிருந்தும் மனக்கசப்பான விஷயத்தை மட்டும் ஏனோ இரண்டு சொல்லில் தட்டச்சு செய்து அனுப்புகிறோம்.

பிறரைச் சொல்கிறேனே, என் கதையைக் கேளுங்கள். என்னோடு மதரஸாவில் ஓதிய நண்பரின் தாயார் சென்ற ஆண்டு மௌத்தானார்கள். செய்தி வந்தபோது நான் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் இருந்தேன். இத்தகைய வேளைக்கென்று கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் துஆவையும் அதன் பொருளையும் அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவர் எழுதினார்: "எழுபது பேர் அனுப்பிய அதே வரிகள். வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து உம்மா கையால் சாப்பிட்டவன் நீ. உன்னிடமிருந்தும் அதுதானா?"

துஆ குறைவானதன்று. ஆனால் அந்தத் தாயார் எனக்குப் பரிமாறிய சோற்றைப் பற்றி ஒரு வரி நான் எழுதவில்லை. மறுநாள் பேருந்தேறி அவர் வீட்டுக்குச் சென்றேன்.

நபியவர்களின் மகளார் ஒருவர், தம் குழந்தை உயிர் பிரியும் நிலையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நபியவர்கள் ஸலாமும், பொறுமை காக்கும்படி ஆறுதல் மொழியும் சொல்லியனுப்பினார்கள். வந்தே ஆக வேண்டும் என்று மகளார் ஆணையிட்டு மீண்டும் ஆளனுப்பினார்கள். உடனே எழுந்து தோழர்களோடு சென்றார்கள். மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் வாங்கியதும் அவர்களின் கண்கள் நீரைச் சொரிந்தன. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வியந்து, இது என்ன என்று கேட்டார்கள். அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்த இரக்கம் இது என்று நபியவர்கள் விடையளித்தார்கள் (புகாரி). சொல்லியனுப்பிய ஆறுதலில் குறையேதும் இல்லை. ஆனாலும் அந்தத் தாய்க்குத் தந்தையின் முகம் தேவைப்பட்டது.

அந்த இளைஞரிடம், தலாக் நிகழவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, மனைவியோடு முதலில் பேசுங்கள், பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே அவளுக்கும் எழுதுங்கள் என்றேன். பேசுவது எளிது ஹஜ்ரத், எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது என்றார். அந்தக் கூச்சத்தையும் எழுதச் சொன்னேன். இரண்டு நாட்களுக்குப் பின் பெண்ணின் அத்தா சுப்ஹு தொழுகைக்கு வந்தார். மருமகனிடமிருந்து நீண்ட செய்தி ஒன்று வந்ததாம். மகள் அதை யாருக்கும் காட்டவில்லையாம். தான் எழுதிய பதிலை மட்டும் காட்டினாளாம். "சரிங்க. மாமியைப் பார்த்துக்கொள்ள நாளைக்கே போகிறேன்" என்றிருந்ததாம்.