பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்கள்



"கொடுத்துவச்ச புள்ள!"

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் நாலு பேராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகளையும், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் வரன்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறதா என்று ஜாதகத்துக்கு முன்னால் கேட்ட ஊர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அநாதைப் பிள்ளைக்கு பிரான்சில் அப்பா அம்மா கிடைத்தால் லாட்டரி விழுந்ததாகத்தான் தோன்றும்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அப்படித் தோன்றுவதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அதன் கணக்கு வேறு. காப்பகத்தில் ராத்திரி விழித்து அழுதால் தட்டிக்கொடுக்கும் ஆயா, பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் சிநேகிதி, காலையில் வரும் இட்லியின் சூடு, தன்னைக் கூப்பிடும் பெயர், தான் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது என்ற தைரியம் எல்லாம் ஒரே வாரத்தில் போகப்போகின்றன. பதிலுக்கு வருபவர்கள், புரியாத பாஷை பேசுகிற, வேறு சோப்பு வாசனை அடிக்கிற இரண்டு பேர். அவர்கள் நல்லவர்களா என்று பார்க்க அதற்கு இன்னும் நேரம் கிடைத்திருக்காது.

முன்பெல்லாம் இந்த இரண்டு பேர் வரவேண்டிய கட்டாயம்கூட இருக்கவில்லை. 'லயன்' என்ற படம் 2016இல் வந்தது, பார்த்திருப்பீர்கள். கண்ட்வா பக்கத்தில் ரயிலில் தொலைந்து, கல்கத்தாவில் போய் இறங்கிய சரூ பிரையர்லியின் உண்மைக் கதை. 1987இல் அவரை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அழைத்துப்போனவர்கள் வேறு யாரோ. வளர்ப்புப் பெற்றோர் மெல்போர்ன் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அதற்கு முன்பே அவர்கள் ஒரு புகைப்பட ஆல்பம் அனுப்பியிருந்தார்கள்: இது நம் வீடு, இது நம் கார், இவர்கள்தான் நாங்கள். அந்தச் சின்ன ஆல்பம் அந்தப் பையனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். தன் பெயரைத் தானே தப்பாகச் சொல்லிவந்திருக்கிறோம், உண்மையில் தான் 'ஷேரு' என்பது அவருக்குத் தெரிந்ததே, கால் நூற்றாண்டு கழித்துத் தாயைக் கண்டுபிடித்த பிறகுதான்.

அந்தக் காலத்தில் சட்டமும் அரைகுறையாகத்தான் இருந்தது. வெளிநாட்டவர் 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைக்குக் 'காப்பாளர்' ஆகி, கூட்டிக்கொண்டு போய், அவரவர் நாட்டில் தத்தெடுத்துக்கொள்வார். லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1984இல் நீதிபதி பகவதி தந்த தீர்ப்பில்தான் முதல்முதலாக ஒழுங்கான நெறிமுறைகள் வந்தன. பிறகு 1990இல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் வந்தது. ஹேக் உடன்படிக்கையை 2003இல் இந்தியா ஏற்றது. 2015ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிள்ளைக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் கிடைத்ததும் பெற்றோர் நேரில் வந்து, காப்பகத்தில், தங்கள் கையால் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இந்தச் சட்டத்தில் மிகவும் மதிக்கும் வரி இதுதான். பிள்ளையை அனுப்பிவைப்பது அல்ல, பெற்றோர் பிள்ளையின் ஊருக்கு வருவதுதான் சட்டம்.

வருபவர்கள் யாரை வாங்கிப் போகிறார்கள்? கைக்குழந்தையை அல்ல, பெரும்பாலும். கைக்குழந்தைகளுக்கு நம் நாட்டிலேயே வருஷக்கணக்கில் வரிசை நிற்கிறது. 2023-24இல் நாடு முழுவதும் சுமார் நாலாயிரம் பிள்ளைகள் தத்துப்போனார்கள். அவர்களில் வெளிநாடு போனவர்கள் 449 பேர். நம்மவர்கள் 'வயசு ஆயிடுச்சே' என்றோ, உடம்பில் ஒரு குறை இருக்கிறதே என்றோ, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சேர்த்து எடுக்க முடியாதே என்றோ விட்டுவிட்ட பிள்ளைகள்தான் அந்த 449இல் நிறைய. ஆகவே வந்து நிற்கும் பெற்றோருக்கு எதிரில் இருப்பது ஐந்து வயதோ எட்டு வயதோ ஆன, மூச்சுவிடாமல் தமிழ் பேசுகிற, தனக்கென்று அபிப்பிராயம் உள்ள ஒரு ஆள்.

எட்டு வயது அக்கா, நாலு வயது தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை தம்பிக்குத் தலை துவட்டியது, சோறு ஊட்டியது, அவன் படுக்கையை நனைத்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றிப்போட்டது எல்லாம் அக்கா. புதிதாக வந்த அம்மா முதல் நாளே கரண்டியை எடுத்துத் தம்பிக்கு ஊட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்? அக்கா தட்டைப் பிடுங்குவாள். பார்ப்பவர்கள் 'முரட்டுப் பொண்ணு' என்பார்கள். அவளிடம் உள்ள ஒரே பதவியை அல்லவா பறிக்கிறார்கள்! விவரம் தெரிந்த அம்மா அப்போது என்ன செய்வாள் என்றால், அக்காவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பருப்புச் சோற்றை எப்படிப் பிசைவது என்று அவளிடமே கற்றுக்கொள்வாள். முதலில் அக்கா தம்பிக்கு ஊட்டட்டும். ரெண்டு நாள் கழித்து அம்மா அக்காவுக்கு ஒரு வாய் ஊட்டிப் பார்க்கட்டும். எட்டு வயதில் யாரும் தனக்கு ஊட்டிவிட்டதே இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைக்கலாம், அழுவாள். அழட்டும்.

அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அழாத பிள்ளையைப் பற்றித்தான். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுப் பெண் ஒருத்தி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருப்பதுதான் படம். அந்தக் காலத்து மருத்துவர்கள் 'பிள்ளை நன்றாகப் பழகிவிட்டது, அமைதியாக இருக்கிறது' என்பார்கள். அந்த அமைதி பழகியதால் வந்ததல்ல, நம்பிக்கையை விட்டதால் வந்தது என்று ராபர்ட்சன் காட்டினார். அதே போல, முதல் நாளே மடியில் ஏறி, ஓட்டல் சிப்பந்தியின் கையையும் பிடித்து, ஆட்டோக்காரரையும் கட்டிக்கொள்கிற பிள்ளையைப் பார்த்து 'எவ்வளவு ஒட்டுதல்!' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எல்லோரிடமும் ஒட்டுகிற பிள்ளைக்கு 'என்னுடையவர்' என்று இன்னும் ஒருவரும் ஆகவில்லை. அதனால்தான் கொஞ்ச காலத்துக்குச் சாப்பாடு கொடுப்பதும் தூக்குவதும் தூங்கவைப்பதும் அந்த இரண்டு பேர் மட்டும் செய்யட்டும் என்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள்.

அதற்கு ஓட்டலைவிட அடுப்பு உள்ள ஒரு சின்ன வீடு நல்லது. மாமல்லபுரமும் செஞ்சியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய மார்க்கெட்டுக்குப் பிள்ளை வழிகாட்டிக்கொண்டு போகட்டும். வாழைப்பழம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று அது சொல்லித்தரட்டும். பாரதி பூங்காவில் ஊஞ்சல் போதும்.   விமானத்தில் ஏறிய பிறகு பெற்றோருக்கு எல்லாம் தெரியும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இங்கே இருக்கும் சில நாள்தான் பிள்ளை பெரியவராகவும் பெற்றோர் திணறுகிறவர்களாகவும் இருக்க முடியும். அதை அவசரப்பட்டுச் சுருக்கிக்கொண்டு கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு அங்கலாய்ப்பாக இருக்கிறது.

பாஷை விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதிலேயே ஒரு சிக்கலும் உண்டு: மொழிபெயர்க்க வந்த அக்காவிடம் பிள்ளை ஒட்டிக்கொள்ளும், பெற்றோர் ஓரத்தில் நிற்பார்கள். அதனால் 'பசிக்குதா', 'வலிக்குதா', 'ஒண்ணுக்கு வருதா', 'நான் இங்கதான் இருக்கேன்' என்ற நாலு வார்த்தையாவது பெற்றோர் தங்கள் வாயால் சொல்லப் பழகிக்கொண்டு வருவது நல்லது. உச்சரிப்பு கோணலாக இருந்தால் பிள்ளை சிரிக்கும், சிரிக்கட்டுமே.

இந்தத் தமிழ் எத்தனை நாள் தங்கும்? கொரியாவில் பிறந்து, மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போன எட்டுப் பேரைப் பெரியவர்களான பின் கிறிஸ்தோஃப் பாலியே குழுவினர் சோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொரிய மொழியைக் கேட்கும்போது அவர்கள் மூளை, முன்பின் கேட்டிராத போலிஷ் மொழியைக் கேட்பதுபோலவே நடந்துகொண்டது. அதுவரை பேசிய தாய்மொழி அப்படியே போய்விட்டிருந்தது. ஆனால் மாண்ட்ரியலில் சீனாவிலிருந்து கைக்குழந்தைகளாக வந்த பெண்களிடம் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வு வேறு ஒன்றைச் சொன்னது: சீன மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாத அந்தப் பெண்களின் மூளை, சீன மொழியின் ஏற்ற இறக்கங்களைச் சீனம் பேசுகிறவர்களைப் போலவே அடையாளம் கண்டுகொண்டது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், வார்த்தை போய்விடும் என்று இருந்துகொள்வதுதான் பத்திரம். பிள்ளை பேசுவதை எழுதியும் பதிவுசெய்தும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கசப்பானது. சென்னைத் தெருக்களில் தூக்கப்பட்ட பிள்ளைகள் பொய்க் காகிதத்தோடு வெளிநாடு அனுப்பப்பட்டது 2005இல் போலீஸ் விசாரணையில் வெளியே வந்தது. பிரான்ஸ் அரசு தன் நாட்டுக்கு வந்த தத்துகளில் நடந்த முறைகேடுகள் பற்றி 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நெதர்லாந்து அதே வருஷம், வெளிநாட்டுத் தத்தெடுப்பையே படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. வளர்ந்த பிள்ளைகள் காப்பக வாசலில் வந்து நின்று 'என் அம்மா யார்' என்று கேட்கிறார்கள். தன் வேரைத் தேடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று நம் விதிமுறைகளிலேயே இப்போது இருக்கிறது. அப்படித் தேடி வருபவர்களின் கையில் நல்ல காகிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குடும்பத்தைக் கடற்கரையில் பார்த்தால் முறைத்துப் பார்க்காதீர்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள். முக்கியமாகப் பிள்ளையிடம் குனிந்து, தமிழில், 'உங்கம்மா எங்கடா?' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு அது புரியாது, பிள்ளைக்குப் புரியும்.

கடைசியாக, காப்பகங்களில் வேலை பார்க்கும் ஆயாக்கள், அக்காக்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் சொல்ல ஒன்று உண்டு. பிள்ளையின் கோப்பில் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இருக்கிறது. நீங்கள் தனியாக ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும், தயிர் பிடிக்குமா, இடி இடித்தால் எங்கே போய் ஒளியும், யாரோடு சண்டை, என்ன செல்லப் பெயர். எழுத வராவிட்டால் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். பிள்ளையை ஒப்படைக்கும்போது நீங்கள் சிரித்த முகத்தோடு அந்தப் புது அம்மாவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் கையில் வையுங்கள். நீங்கள் நம்புகிறவரைத்தான் அது நம்பும். பிறகு ஒளிந்துகொள்ளாமல், 'போயிட்டு வா' என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.