பூட்டிய அலுமாரியும் மூன்று புத்தகங்களும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒரு டொக்டரைப் பேசச் சொன்னால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். எங்கள் வகுப்பினர் சார்பில் பேச வந்த நாங்களும் முதலில் அப்படித்தான் ஆயத்தப்படுத்தினோம். பிறகு ஒரு புத்தகப் பெட்டி தலைப்பை மாற்றிவிட்டது.

நூற்றாண்டை முன்னிட்டு, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியர் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். தங்கள் பிள்ளைகள் விரும்பி வாசித்தவற்றையே தெரிவுசெய்து அனுப்பினார்கள். அவற்றுள் சூசன் கொலின்ஸ் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் முதல் மூன்று பாகங்களும் இருந்தன. பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது, எங்களில் ஒருவர் அந்த மூன்றையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் தொடங்கியது. முப்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் கோபிக்காதவர்கள்கூட இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

அந்தக் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கற்பனை நாடு. அதன் 12 மாவட்டங்களும் முன்னொரு காலத்தில் கிளர்ந்தெழுந்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண்பிள்ளையும் ஒரு பெண்பிள்ளையுமாக 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். வயது 12 முதல் 18 வரை. ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். முதல் பாகம் 2008இல் வெளிவந்தது. 2012இல் படமாயிற்று. உலகெங்கும் பதின்மவயதுப் பிள்ளைகள் அதை விழுந்து விழுந்து வாசித்தார்கள்.

பூட்டியவரின் கேள்வி மிக எளிமையானது. "பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் கதையை எங்கள் பாடசாலைக்குள் நாங்களே கொண்டுவந்து வைப்பதா? நாங்கள் கண்டது போதாதா?"

இதற்கு விடை தெரியும் என்று முதல் நாள் நினைத்தோம். இரண்டாம் நாள் அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் வகுப்பு 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த வகுப்பு. அப்போது எங்களுக்குப் பதினைந்து வயது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திய வெளிச்சத்தில் படித்தவர்கள் நாங்கள். துப்பாக்கியையும் ஷெல்லையும் பொழுதுபோக்காகப் பார்க்க எங்களுக்கு மனம் வராது. சினிமாவில் வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து வெளியே போகும் தோழியர் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் இன்னொன்றையும் நேர்மையாக நினைத்துப் பார்த்தோம். இந்தப் பாடசாலையிலேயே, எங்கள் சைவசமய வகுப்பில், சிறுத்தொண்ட நாயனார் கதையைப் படித்தோம். தாயும் தகப்பனுமாகப் பிள்ளையைப் பிடித்து அறுத்துக் கறி சமைத்த கதை. சீராளன் இறுதியில் ஓடி வந்துவிடுகிறான் என்றாலும், அந்த இடம்வரை வகுப்பு மூச்சுவிடாமல் இருந்தது நினைவிருக்கிறது. பதினாறு வயது அபிமன்யுவைப் பெரிய பெரிய வீரர்கள் சூழ்ந்து நின்று கொன்றதை அம்மம்மாமார் சோறு தீத்தும்போது சொன்னார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்வித்ததை நத்தார் காலத்தில் கேட்டார்கள். கண்ணன் கதை கேட்ட எல்லோரும் கம்சனையும் கேட்டோம். இவற்றை ஒருவரும் அலுமாரியில் வைத்துப் பூட்டவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை கதையில் வரலாமா என்ற கேள்விக்கு எங்கள் முன்னோர் எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது, எப்படி வரலாம், எந்த வயதில், யார் பக்கத்தில் இருக்கும்போது என்பதுதான்.

முதலில், எழுதியவர்கள் எங்கிருந்து எழுதினார்கள் என்று பார்ப்போம். கொலின்ஸின் தகப்பனார் அமெரிக்க விமானப் படையில் இருந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது தகப்பனார் வியட்நாம் போருக்குப் போயிருந்தார். ஓர் இரவு தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் போட்டி நிகழ்ச்சியும் மற்றொன்றில் ஈராக் போரும் ஓடின என்றும், இரண்டும் மனதில் கலந்தபோது இந்தக் கதை தோன்றியது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதே போன்ற கதையை அவருக்கு முன்பே 1999இல் யப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமி 'பற்றில் றோயல்' என்று எழுதினார். ஒரு வகுப்பு மாணவர்கள் முழுப்பேரும் ஒரு தீவில் ஒருவரையொருவர் கொல்லப் பணிக்கப்படுகிறார்கள். 2000இல் அதைப் படமாக்கிய கிஞ்சி ஃபுக்கசாகு, தமது பதினைந்தாவது வயதில், 1945இல், ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்டவர். தாக்குதல் நடந்தபோது நண்பர்களின் உடல்களுக்குக் கீழே கிடந்து உயிர் தப்பி, பிறகு அந்த உடல்களையே அப்புறப்படுத்தியவர். அந்தப் படத்தில் வரும் மாணவர்களுக்கும் வயது பதினைந்து. யப்பானில் அதைப் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்று விதித்தார்கள். பாராளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது.

'மின்மினிகளின் கல்லறை' என்ற யப்பானியச் சித்திரப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1988இல் வெளிவந்தது. குண்டுவீச்சில் தாயை இழந்த பதினாலு வயது அண்ணனும் நாலு வயதுத் தங்கையும் பட்டினியால் இறந்துபோகும் கதை. மூலக்கதையை எழுதிய அக்கியூக்கி நொசாகா போரின்போது தமது தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். அந்தக் குற்றவுணர்வில் எழுதியவர். இவர்களை இரத்தத்தைக் காட்டிக் காசு சேர்த்தவர்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. எங்களைப் போன்ற பிள்ளைகளாக இருந்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

இனி மருத்துவர்களாக ஒரு விடயம். 1961இல் அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்று நிரப்பிய பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த சிறு பிள்ளைகள், தனித்து விடப்பட்டபோது தாங்களும் அதையே செய்தார்கள். அவர்களுக்கு வயது மூன்று முதல் ஆறு. இந்தப் பரிசோதனையைக் காட்டித்தான் பலர் எல்லாவற்றையும் தடுக்கச் சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதைக்கும் நடப்புக்கும் உள்ள எல்லை சரியாகத் தெரியாது. பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குச் செய்த எச்சரிக்கையை மற்றப் பிள்ளைக்குப் பூட்டாகப் போடுவது சரியான வைத்தியம் அல்ல.

புத்தகத்துக்கும் படத்துக்கும்கூட வித்தியாசம் இருக்கிறது. வாசிக்கும் பிள்ளை தனக்குத் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் மனதில் காட்சியை வரைந்துகொள்ளும். பயம் வந்தால் மூடி வைக்கும். படத்தில் வருவதை இன்னொருவர் வரைந்து முடித்துவிட்டார். கண்ணை மூடுவதற்கு முன் உள்ளே வந்துவிடும். அதனால் படத்துக்கு வயதுக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் பாருங்கள். 'ஹங்கர் கேம்ஸ்' படத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் பார்க்கக்கூடியதாக்க, பிரித்தானியாவில் அதிலிருந்து ஏழு விநாடி இரத்தத்தை அகற்றினார்கள். சாவு ஒன்றும் குறையவில்லை, இரத்தம்தான் குறைந்தது. காயத்தைக் கழுவிக் கட்டுகிற எங்களுக்கு இது விளங்கவில்லை. இரத்தம் இல்லாத சாவு பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று யார் சொன்னது? வலிக்காத வன்முறையைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். சுட்டவுடன் மறைந்துபோகும் உருவங்களைப் பிள்ளைகள் ஃபோனில் நாள் முழுக்கச் சுடுகிறார்கள். உண்மையான விபத்துகளின், உண்மையான உடல்களின் காட்சிகள் குழுக்களில் பகிரப்பட்டு அவர்கள் கைக்கு வருகின்றன. அவற்றுக்கு வயதும் இல்லை, அலுமாரியும் இல்லை.

ஆகவே ஒரு கதையைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் நாங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இறந்த பிள்ளைக்குப் பெயரும் முகமும் ஒரு வீடும் இருக்கிறதா? அந்தச் சாவு மற்றவர்களை மாற்றுகிறதா, இல்லை அடுத்த பக்கத்தில் மறக்கப்படுகிறதா? எங்களைக் கைதட்டச் சொல்கிறார்களா, துக்கப்படச் சொல்கிறார்களா? 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி இறக்கிறாள். கதாநாயகி விளையாட்டை மறந்து, அந்தச் சின்ன உடலைச் சுற்றிக் காட்டுப் பூக்களை வைக்கிறாள். வேடிக்கை பார்க்கும் நாட்டுக்கு, இது ஒரு பிள்ளை என்று காட்டுகிறாள். அந்தப் பக்கத்தை வாசித்த பிறகு அலுமாரியைப் பூட்டிய எங்கள் தோழி எங்களை அழைத்தார். கன நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட பிள்ளையளுக்கு ஒருத்தரும் பூ வைக்கேல்லையே" என்றார்.

அவர் யாரைச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு இருபத்தாறு பேர் தோற்றினோம். சிலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒருவர் ஷெல் பட்டு இறந்தார். இருவர் ஒரு காலையில் வரவில்லை. எங்கே போனார்கள் என்று வாய்விட்டுக் கேட்கவும் பயந்தோம். வகுப்பாசிரியை பல நாள்வரை இடாப்பில் அவர்களின் பெயரை வாசித்தார். நாங்கள் மௌனமாக இருந்தோம். அந்த மௌனம் இன்றுவரை தொடர்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் தோழி ஒருவரின் மகள் பதின்மூன்று வயதில் இந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு, "அம்மா, நீங்கள் படிக்கும்போது பிள்ளைகளும் சண்டைக்குப் போனார்களா?" என்று கேட்டாளாம். தாய் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்து, மகள் படுக்கப் போகும் நேரம் பக்கத்தில் இருந்து, அந்த இரண்டு வாங்குகளைப் பற்றிச் சொன்னார். தன் கணவருக்கும் சொல்லாததை மகளுக்குச் சொன்னார். ஒரு கற்பனை நாட்டின் கதை அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது. வீட்டில் நாங்கள் அதைக் கொடுத்திருக்கவில்லை.

இதற்காக எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் கொடுங்கள் என்று சொல்லவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைக்கு, வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு, ஒரு கதை பழைய புண்ணைக் கீறிவிடலாம். நித்திரை குழம்பினால், படுக்கை நனைந்தால், பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அழுதால் நிறுத்துங்கள். எந்தப் பிள்ளையையும் வகுப்பில் இருத்திக் கட்டாயமாக வாசிக்க வைக்கவோ படம் காட்டவோ கூடாது. மூடி வைக்கும் உரிமை பிள்ளையிடம் இருக்க வேண்டும். மற்றது, கதையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் எழுந்து போகக் கூடாது.

நீண்ட வாதத்துக்குப் பிறகு எங்கள் வகுப்பு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதிபர் அவர்களும் சம்மதித்திருக்கிறார். மூன்று புத்தகங்களும் ஒன்பதாம் ஆண்டுக்கு மேற்பட்டவர்களுக்கான தட்டில், ஆன் பிராங்கின் நாட்குறிப்புக்குப் பக்கத்தில் வைக்கப்படும். நூலகப் பொறுப்பாசிரியை முதலில் வாசிப்பார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை முடிந்தபின், எங்களில் ஊரில் இருக்கும் இருவர் நூலகத்தில் இருப்போம். வாசித்த பிள்ளைகள் வந்து கதைக்கலாம். வாசிக்காதவர்களும் வரலாம். எதைக் கேட்டாலும் அடுப்பைப் பார்க்க எழுந்து போகமாட்டோம்.

எங்கள் வகுப்பினர் எல்லோரும் இதில் ஒருமனதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருவர் இன்னும் ஏற்கவில்லை. அவர்களின் தயக்கத்தை மதிக்கிறோம். எந்த வெள்ளிக்கிழமையாவது எங்கள் தீர்மானம் பிழை என்று ஒரு பிள்ளையின் முகத்தில் கண்டால், அவர்களிடம்தான் முதலில் சொல்வோம்.

பூட்டியவரே அலுமாரித் திறப்பை இன்று கொண்டுவந்திருக்கிறார். இந்த உரை முடிந்ததும் நூலகப் பொறுப்பாசிரியையிடம் கையளிப்பார். நூறு வருடங்களாகப் பெண்பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் திறந்து கொடுத்த பாடசாலை இது.