கூட ஆடுகிறவர் யார்?

(நம் டிரஸ்டின் பெற்றோர் கூட்டத்தில் இஷா தொழுகைக்குப் பிறகு செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளிலிருந்து வரும் பெற்றோர்களிடம் பேசும்போது, மார்க், ஃபீஸ் இரண்டுக்கும் அடுத்து என் காதில் அதிகம் விழும் சொல் 'கேம்'. "பாய், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனில் யாரிடமோ கத்திக்கொண்டே இருக்கிறான்" என்கிறார் ஒரு தாய். அந்த 'யாரிடமோ' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்று நாம் கணக்கு வைக்கிறோம். எந்த கேம் என்று சிலர் கேட்கிறோம். யாரோடு ஆடுகிறான் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இந்த விளையாட்டு எப்படி என்று தெரியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பப்ஜி என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய நூறு பேர் ஒரே மைதானத்தில் இறங்குவார்கள். கடைசி வரை நிற்பவருக்கு வெற்றி. தனியாகவும் ஆடலாம், நான்கு பேர் சேர்ந்து அணியாகவும் ஆடலாம். அந்த அணிக்கு 'ஸ்குவாட்' என்று பெயர். நம் பிள்ளைக்கு நண்பர்கள் இல்லையென்றால், கேமே எங்கிருந்தோ மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அவர்களைப் பிள்ளைகள் 'ரேண்டம்' என்கிறார்கள். மைக்கைத் திறந்தால் அந்த மூன்று பேரின் குரலும் நம் வீட்டு அறைக்குள் வந்துவிடும்.

டி.வி.க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். டி.வி.யில் என்ன வர வேண்டும் என்பதை நிகழ்ச்சி தயாரித்தவர் முடிவு செய்கிறார். இங்கே மைதானத்தை மட்டும்தான் கம்பெனி கட்டிக் கொடுக்கிறது. அங்கே சந்தோஷமா, சங்கடமா என்பதைக் கூட ஆடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். அதே போன், அதே கேம். சனிக்கிழமை மாமா பையனோடு ஆடினால் வீடே சிரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரேண்டமோடு ஆடிவிட்டுப் போனைத் தூக்கி எறிகிறான். கேம் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

இது இன்று நேற்று வந்த விஷயம் அல்ல. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான். பிறகு 1996-ல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆடவருபவர்களை அதில் நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளி சேர்க்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பேசிப் பழக வருபவர், மற்றவரை வம்புக்கிழுத்து அதில் இன்பம் காண வருபவர். நான்காவது வகை கூடினால், பேசிப் பழக வந்தவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள் என்பது அவர் கண்டது. நம் தெருவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். எப்போதும் சண்டை இழுக்கும் ஒருவன் வந்து சேர்ந்தால், அமைதியான பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதற்காக அடுத்தவரே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. பப்ஜியில் மனிதர்களோடு கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மை வீரர்களும் கலந்து வருவார்கள். பிள்ளைகள் அதை 'பாட்' என்பார்கள். தான் வென்றது பாட்டை என்று தெரிந்தால் பையனின் முகம் வாடிவிடும். எதிரில் ஒரு மனிதர் இருந்தால்தான் வெற்றிக்கு ருசி.

சிறுவயதில் ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடிய செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வந்ததும் தோழிகள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வார்கள். நபியவர்களோ அந்தச் சிறுமிகளை மீண்டும் ஆயிஷாவிடம் விளையாட அனுப்பிவைப்பார்கள். விளையாட்டைத் தடுக்கவில்லை, விளையாட்டுத் துணையைத் திருப்பி அனுப்பி வைத்தார்கள். கூட ஆட ஆள் இருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்று நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

இனி கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். நம் சென்னையிலேயே எல்லோரும் அறிந்த ஒரு வழக்கு உண்டு. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் அந்த கேமை ஆடி யூடியூபில் நேரலை செய்துவந்த மதன் என்பவர், கூட ஆடுகிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார்கள் குவிந்தன. 2021 ஜூன் 18-ஆம் தேதி தர்மபுரியில் சென்னை போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அடுத்த மாதம் குண்டர் சட்டமும் பாய்ந்தது. அது பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி. எனக்குக் கவலை தந்தது வேறு. அந்தச் சேனலைப் பின்தொடர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உண்டு. ஒருவர் இன்னொருவரைத் திட்டுவதே பொழுதுபோக்காகிவிட்டது. கைதானவர் ஒருவர். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துப் பழகிய காதுகள் எத்தனை?

திட்டும் சொல் யார்மீது விழுகிறது என்றும் பாருங்கள். நம் டிரஸ்டுக்கு வந்த ஒரு தந்தை சொன்னார்: "பையன் கேமில் தன் பெயரை மாற்றி வைத்திருக்கிறான் பாய். ஏன் என்று கேட்டேன். பெயரைப் பார்த்ததும் தீவிரவாதி என்கிறார்கள், எந்த நாட்டுக்காரன் என்று கேட்கிறார்கள், அதனால்தான் என்றான்." பெற்றோர் ஆசையாக வைத்த பெயரை மறைத்தால்தான் நிம்மதியாக ஆட முடியும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை முடிவு செய்திருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளை ஒருத்தி, "நான் மைக்கைத் திறப்பதே இல்லை. பெண் குரல் என்று தெரிந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது" என்றாள். திறமை இருந்தும் ஊமையாக ஆடுகிறாள்.

இதைக் கேட்டு நம் மனம் கொதிக்கிறது. நியாயம்தான். ஆனால் இதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைக்கு ரேண்டமாக வருகிறவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அதேபோல, யாரோ ஒரு வீட்டுக்கு ரேண்டமாகப் போகிறவன் நம் பிள்ளை. எதிரியின் தாயை இழுத்துத் திட்டும் குரல், சாதியைச் சொல்லிக் கேலி செய்யும் குரல், சரியாக ஆடத் தெரியாத சின்னப் பையனை அழவைக்கும் குரல் நம் வீட்டு அறையிலிருந்தும் போகலாம். கதவு சாத்தியிருப்பதால் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? மெரினாவிலும் பெசன்ட் நகர் மணலிலும் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து கிரிக்கெட் ஆடத்தான் செய்கிறார்கள். அங்கே புதிதாக வருகிறவன், "அண்ணா, நானும் வரலாமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். வாய் நீண்டால் அடுத்த ஓவரில் வெளியே அனுப்பிவிடுவார்கள். போனில் முகம் இல்லை. கேட்கத் தேவையில்லை. இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும், மறுபடியும் சந்திக்கப் போவதில்லை. வெட்கம் என்ற வேலி அங்கே இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்ற கேமை நடத்தும் ராயட் நிறுவனம், திட்டுபவர்கள் யார் என்று ஆராய்ந்தது. எந்நேரமும் திட்டுகிற சிலரால் வந்தது சிறு பங்குதான். பெரும்பங்கு, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரணமானவர்கள் மனம் சரியில்லாத நாளில் பேசியது. எதிரணியோடு பேசும் வசதியை அந்த நிறுவனம் முதலிலேயே மூடிவைத்து, வேண்டியவர் தாமே திறந்துகொள்ளட்டும் என்று மாற்றியும் பார்த்தது. பேச்சு பெரிதாகக் குறையவில்லை, ஆனால் திட்டு குறைந்தது. 2012-ல் வெளியான 'ஜர்னி' என்ற கேமில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சோதித்துப் பார்த்தபோது, ஒருவரையொருவர் தள்ள முடிந்தால் ஆடுகிறவர்கள் தள்ளிவிட்டே விளையாடினார்கள். தள்ள முடியாதபடி மாற்றினார்கள். பெயரும் பேச்சும் இல்லை, அருகில் வந்தால் இருவருக்கும் பலம் கூடும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடந்தார்கள். மனிதர்கள் அதேதான், ஏற்பாடுதான் வேறு. வீட்டில் நாம் செய்யும் ஏற்பாட்டுக்கும் பலன் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாதித் திட்டு தோல்வியில்தான் பிறக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை யாரும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி தன் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்குத் தாங்க முடியவில்லை. நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். வென்ற கிராமவாசியை ஒருவரும் ஏசவில்லை. ராங்க் ஒரு படி இறங்கியதற்காக டீம்மேட்டைத் திட்டும் நம் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? போனைப் பிடுங்குவது ஒரு வழி. பிடுங்கினால் அவன் நண்பனின் போனில் ஆடுவான், அங்கே நடப்பது நமக்கு அறவே தெரியாது. என் யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஹெட்போன் இல்லாமல் ஆடட்டும். உம்மாவும் பாட்டியும் கேட்கிறார்கள் என்றால் வாய் தானாக அடங்கும்.

இரண்டாவது, ஸ்குவாடை நாமே சேர்த்துக் கொடுக்கலாம். சித்தப்பா பிள்ளை, மாமி பிள்ளை, மதரஸா நண்பன், பள்ளி நண்பன். நான்கு பேர் போதும். ரேண்டம் தேவையே இல்லை.

மூன்றாவது, தெரியாதவர்களோடு ஆடினால் மைக் மூடியிருக்கட்டும். திட்டுபவரை மியூட் செய்யவும், பிளாக் செய்யவும், ரிப்போர்ட் செய்யவும் எல்லா பெரிய கேம்களிலும் வசதி உண்டு. பிள்ளையிடமே கேளுங்கள், காட்டித் தருவான்.

நான்காவது, ஓ.டி.பி., போட்டோ, வீட்டு முகவரி, பள்ளிப் பெயர் எதுவும் கேமில் பழகியவருக்குப் போகக் கூடாது. கேம் காசு இலவசமாகத் தருகிறேன் என்பவரிடம் முதலில் சந்தேகம் வர வேண்டும். பணம் ஏமாந்தால் உடனே 1930, குழந்தைக்குத் தொல்லை என்றால் 1098. பிள்ளை வந்து சொல்லும்போது, "நீ ஏன் ஆடினாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த முறை சொல்ல மாட்டான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவை வேறு கதை. அவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. மார்க்கத்தில் அதன் நிலை நமக்குத் தெரியும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

நல்லதையும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2020 ஊரடங்கில் சார்ஜாவிலும் தம்மாமிலும் மாட்டிக்கொண்ட தகப்பன்மார்கள் இங்கிருந்த பிள்ளைகளோடு லூடோ ஆடினார்கள். போன் பேசத் தெரியாமல் கூச்சப்பட்ட சின்னக் குழந்தைகூட, "அத்தா, உங்க காயை வெட்டிட்டேன்" என்று கத்தியது. உஸ்மான் சாலைக் கடைகளில் வேலை பார்த்து, விடுதியில் தங்கியிருக்கும் தென்மாவட்டப் பிள்ளைகள், கடை மூடிய பிறகு ஊர் நண்பர்களோடு ஒரு ஆட்டம் போடுகிறார்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு ஊர்த் திண்ணை.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம். அதில் இரண்டு, கூட ஆடத் துணை இருந்தால் மட்டுமே கிடைப்பவை. அதை மனதில் வைத்து, ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் டிரஸ்ட் ஹாலில் நான்கு கேரம் போர்டு போட நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டு. அங்கே பழகும் பிள்ளைகள் போனிலும் ஒரே ஸ்குவாடாக ஆடட்டும். அவரவர் சொந்தப் பெயரிலேயே ஆடட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு யார்கூட ஆடினே?" பதில் வரும் வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல தோழமையையும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளை நல்ல தோழர்களாகவும் அல்லாஹ் ஆக்கித் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.