கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறதா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)

மலைக்காட்டில் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு ஜீப் என்பது இன்னொரு ஜோடி மாடு மாதிரி. கொடைக்கானல் கீழ்மலையானாலும் சரி, நீலகிரியானாலும் சரி, வாழைத்தாரும் காப்பி மூட்டையும் கேரட்டும் அதில்தான் இறங்குகின்றன. மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற நாம், ஜீப்பின் கை பிரேக்கை மட்டும் பார்ப்பதில்லை. 'அதான் கல்லு வைக்கிறோமே' என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சரிவான பாதையில் பின் டயர் பஞ்சராகிவிட்டது. கை பிரேக்கை இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து, அவசரத்தில் கல் வைக்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். சக்கரம் தரையை விட்டதுதான் தாமதம், வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. நட்டு கழற்ற உட்கார்ந்த பையன் துள்ளி விலகியதால் உயிர் பிழைத்தான். கால் விரல் இரண்டு நசுங்கிப் போயிற்று. எல்லாரும் பிரேக்கைத்தான் குறை சொன்னார்கள். மெக்கானிக் கழற்றிப் பார்த்தால், பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை! அப்புறம் ஏன் நகர்ந்தது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வில்லிஸ் ஜீப் வழியில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. நாலு சக்கரத்துக்கும் இழுவை பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம் ஒரு சின்ன டிரம்மாக இருக்கும். அது பிடிப்பது பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டை. அந்த ஷாஃப்ட் சுமார் 5 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் 1 சுற்றுச் சுற்றும். அதனால் சின்ன டிரம்மே போதும். அதன் பிடி சக்கரத்தில் ஐந்து மடங்காகிறது.

ஆனால் ஷாஃப்ட் நின்றாலும், ஒரு பின் சக்கரம் முன்னால் சுற்ற, மற்றது பின்னால் சுற்ற டிஃபரென்ஷியல் இடம் கொடுக்கும். இரண்டும் தரையில் இருக்கும்வரை இது நடக்காது. ஒன்றைத் தூக்கிவிட்டால், அது காற்றில் சும்மா சுற்றும், மற்றது உருண்டுவிடும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். ஆகவே ஜாக்கி போடுமுன் தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். நாலு சக்கர கியரையும் போடுங்கள். முன் சக்கர ஹப்பில் பூட்டு இருந்தால் அதையும் பூட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், மெயின் கியர் போட்டும் பயனில்லை.

இனி பராமரிப்பு. கை பிரேக் பிடிக்கவில்லை என்றால், உடனே கேபிளை முறுக்காதீர்கள். முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் ஆயில் சீல் ஒழுகி, லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கும். ஊறின லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், பெட்ரோலில் கழுவினாலும் தேறாது, மாற்றத்தான் வேண்டும். சீல் மாற்றும்போது இரண்டு காரியம் மறக்கக் கூடாது. சீல் உட்காருகிற இடத்தில் வரி விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். பெட்டியின் காற்றுத் துளை சேற்றில் அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் அப்படித்தான்.

டிரம்மில் இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு; அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்துப் போடுங்கள்.

லைனிங் மாற்றியபின், சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரும் டிரான்ஸ்ஃபர் லீவரும் நியூட்ரலில் இருக்கட்டும். கை பிரேக்கைத் தளர்த்திவிட்டு, முதலில் டிரம் பக்கம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் கேபிள். கேபிளில் நூல் பிரிந்திருந்தாலும், உறைக்குள் துருப் பிடித்து இறுகியிருந்தாலும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

'டிஸ்க் பிரேக்காக மாத்திடலாமா?' என்று சிலர் கேட்கிறார்கள். மாற்றலாம். சேறும் தண்ணீரும் டிரம்மில் தங்குகிற மாதிரி டிஸ்க்கில் தங்காது. ஆனால் கேபிளால் இழுத்துப் பிடிக்கிற காலிப்பராக இருக்க வேண்டும். பிரேக் ஆயிலை வால்வு போட்டு அடைத்து நிறுத்துகிற ஏற்பாட்டை நம்பாதீர்கள்; கொஞ்சம் கசிந்தாலும் பிடி போய்விடும். அதோடு, டிஸ்க் போட்டாலும் அது பிடிப்பது அதே ஷாஃப்டைத்தான். ஜாக்கி போடும்போது கட்டை அவசியம். ஒழுகுகிற சீலை மாற்றாமல் டிஸ்க் போட்டால் அதுவும் எண்ணெயில்தான் குளிக்கும்.

ஓடுகிற வண்டியில் இந்த கை பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஷாஃப்டும் ஜாயிண்டும் அடிபடும். தளர்த்த மறந்து ஓட்டினால் டிரம் காய்ந்து, பக்கத்தில் இருக்கிற சீலும் கருகும்.

மாதம் ஒருமுறை, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மேட்டில் வழக்கமான பாரத்தோடு நிறுத்துங்கள். கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலாக்கி, கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். ஜாயிண்ட் இடைவெளியால் ஒரு சிறு அசைவு இருக்கும். அதோடு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து நகர்ந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். சக்கரத்துக்கு வைத்த கல்லைப் புறப்படும்போது எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள். பின்னால் இருட்டில் சைக்கிளில் வருகிறவரும் நம்ம ஊர்க்காரர்தானே!