இரண்டு பஞ்சாங்கம்



இரயில்வேயில் நாள் என்பது நள்ளிரவில் பிறக்கிறது. பஞ்சாங்கத்திலோ சூரிய உதயத்தில் பிறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே காலந்தள்ளும் ஓர் எழுத்தனைப் பஞ்சாங்கம் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள்.

1809இல் தண்டு அமைந்தபோது படையோடும், 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் வண்டியேறியும் நம் முன்னோர் பலர் இவ்வூர் வந்தனர். 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் எழுந்ததே நம் பிரேசர் டவுன். வந்தவர் பெட்டியில் பஞ்சாங்கமும் வந்தது. சென்னைக்கும் இங்கும் சூரிய உதயம் ஏறக்குறையப் பத்து நிமிடமே வேறுபடும். அதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

அண்டை வீட்டுக் கன்னட அன்பர்க்கோ சந்திரனை வைத்து மாதம். நமக்குச் சூரியனை வைத்து மாதம். அவர்கள் ஆஷாடத்தில் மணம் செய்யார்; நாம் ஆடியில் செய்யோம். இரு குடும்பமும் சம்பந்தம் பேசினால், பெரும்பாலும் ஜூன் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை மண்டபக்காரருக்கு ஓய்வுதான்!

கடல் கடந்தோர் கதையும் இதுவே. குவாங்துங் பகுதியிலிருந்து மலாயா, சிங்கப்பூர் சென்ற சீனர் தம் பஞ்சாங்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். மணநாள், கடை திறப்பு எல்லாம் அதைப் பார்த்தே. 'சூ' என்றால் நூல்; அவர்கள் பேச்சில் தோல்வி என்பதற்கும் அதே ஒலி. ஆகவே 'துங் சூ' என்ற பெயரையே 'துங் சிங்' என வெற்றிப் பெயராக மாற்றிக்கொண்டனர். சிங்கப்பூரில் கடிகாரப்படி ஏழு மணியளவில்தான் உதயம். எனவே நம் திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரைக்கன்று, அங்கே எட்டரைக்கே தொடங்கவேண்டும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்ப்பவர் நல்ல நேரத்தை விலக்கி, விலக்கவேண்டியதில் புறப்படுவர்.

என் வீட்டுச் செய்தி ஒன்று. தந்தையார் மறைந்தபின், ஊரிலுள்ள தம்பி வாக்கியப் பஞ்சாங்கப்படி திதி கொடுத்தான். நான் இங்கே திருக்கணிதப்படி கொடுத்தேன். முன்னது பழைய வாய்பாட்டுக் கணக்கு. பின்னது வானில் கண்டு திருத்திய கணக்கு. திதி முடியும் நேரம் இரண்டிலும் சில மணி வேறுபடும். ஓராண்டு அவன் வியாழனன்றும் நான் வெள்ளியன்றுமாகக் காக்கைக்குச் சோறு வைத்தோம். "அப்பா எந்த நாளில் வருவார் அண்ணா?" என்று தம்பி கேட்டான். கணக்கில் நானே சரி என்று இன்றும் நம்புகிறேன். எனினும் அடுத்த ஆண்டு விடுப்பு எழுதிக் கொடுத்து, அவன் குறித்த நாளுக்கு ஊர் சென்றேன்.